கலா அம்மாவின் தையலும் மாயாவின் தாளமும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் இதே ஹாலில் கடன் மனுக்களைப் படித்தபோது நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கறவை மாடு, தையல் மெஷின், ரோஜா நாற்று என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தோம். ஒரு மனுவில் 'டி.ஜே. பெட்டி வாங்க ரூ.40,000' என்று இருந்தது. படித்து முடிப்பதற்குள் சிரிப்புச் சத்தம் கிளம்பிவிட்டது. "பாட்டு போடறதுக்குக் கடனா?" என்று ஒரு அக்கா கேட்டார். "பொம்பளப் புள்ள ராத்திரில மண்டபத்துல என்ன பண்ணும்?" என்று இன்னொரு அக்கா கேட்டார். மனு கொடுத்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்களும் ஒரு வரி விசாரிக்கவில்லை. 'பிறகு பார்க்கலாம்' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி மூடிவிட்டோம். உண்மையைச் சொன்னால் நாங்களும்தான் சிரித்தோம்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பிப் போகும்போது மனசு உறுத்தியது. 1989ல் ஐஃபாட் உதவியோடு தமிழ்நாட்டில் முதன்முதலாக மகளிர் குழுக்கள் ஆரம்பித்தது தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போது நம்ம கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004ல்தான் பிரிந்தது. அந்தக் காலத்தில் பேங்க் வாசல்படி ஏறின பெண்களைப் பார்த்து ஊரே சிரித்தது என்று நம்ம மூத்த உறுப்பினர்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! அதே சிரிப்பை நாமே சிரித்துவிட்டோமே என்று இருந்தது.

அதனால் இந்த மாதம் ஒரு வேலை செய்தோம். மின்னணு இசை என்றால் என்ன, டி.ஜே. என்றால் என்ன, இதில் பெண்கள் வந்திருக்கிறார்களா, வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டோம். அதில் ஒரு அம்மா, மகள் கதை கிடைத்தது. இருவரும் தமிழ்ப் பெண்கள். அதைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

மகளின் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா. உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்ற பெயரில் தெரிந்து வைத்திருக்கிறது. போரில் காணாமல் போனவர்களை ஆங்கிலத்தில் இந்த மூன்று எழுத்தில்தான் சுருக்கி எழுதுவார்கள். அம்மாவின் பெயர் கலா.

மாயா 1975 ஜூலையில் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இலங்கைக்கு, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. அப்பா அருளர், ஈரோஸ் என்ற போராட்ட இயக்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அவர் வீட்டில் தங்கவே இல்லை. எப்போதாவது ஒரு ராத்திரி வந்து போவார். வரும்போதும் பிள்ளைகளிடம் உறவுக்காரர் என்றே சொல்லி வைத்திருந்தார்களாம். சண்டை முற்றியபோது கலா அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச காலம் நம்ம சென்னையிலும் இருந்தார். பிறகு மறுபடி யாழ்ப்பாணம். கடைசியில் 1986ல் மூன்று பிள்ளைகளோடு அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தார்.

கையில் பணம் இல்லை, புருஷன் கூட இல்லை, ஊரில் யாரையும் தெரியாது. மூன்று பிள்ளைகளுக்கும் சோறு போட வேண்டும். கலா அம்மாவுக்குத் தெரிந்தது தையல். பேப்பரில் 'தையல்காரி தேவை' என்று வந்த விளம்பரத்தைப் பார்த்துப் போனார். என்ன தையல் தெரியுமா? இங்கிலாந்து ராணி கொடுக்கிற பதக்கங்களுக்கான கைத்தையல். யார் யாரோ சாதனை செய்து அரண்மனைக்குப் போய் வாங்கிக்கொள்ளும் பதக்கங்களை இந்த அகதி அம்மா உட்கார்ந்து கையால் தைத்தார். ஒன்று இரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். இதை மாயாவே எழுதியிருக்கிறார்.

நம்ம கூட்டமைப்பில் தையல் மெஷின் கடன் வாங்காத குழு எது? ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து, சேலைக்கு ஃபால்ஸ் அடித்து, கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நாள் முழுக்க ஒரே காலரைத் தைத்து, அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கலா அம்மா உங்களில் ஒருவர்தான். ஊர்தான் வேறு.

அவர்கள் இருந்தது அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த அடுக்குமாடி வீடு. பெண்ணுக்கு இங்கிலீஷ் அங்கே போய்த்தான் வந்தது. வீட்டில் இருந்த ரேடியோவையும் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் சத்தமாக வைக்கிற பாட்டு சுவர் வழியாகக் கேட்கும். தாளத்துக்கு ஏற்ப வேகமாகப் பேசுகிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஹிப்ஹாப் பாட்டு. வார்த்தை முழுசாகப் புரியாவிட்டாலும் அந்தத் தாளம் பிடித்துப் போனது என்று மாயா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பிறகு லண்டனில் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் என்ற பெரிய கலைக் கல்லூரியில் ஓவியமும் சினிமாவும் படித்து 2000ல் முடித்தார். பாட்டு படிக்கவில்லை, இதைக் கவனிக்கணும். எலாஸ்டிகா என்ற பாட்டுக் குழுவுக்கு இசைத்தட்டு அட்டையில் படம் செய்து கொடுத்தார். அவர்கள் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடப் போனபோது வீடியோ எடுக்கிற ஆளாகக் கூடப் போனார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி தனி ஆளாக மேடையில் நின்று, ஒரு பெட்டியைத் தட்டி முழு இசையையும் உண்டாக்குவதைப் பார்த்தார். பீச்சஸ்தான் "நீயும் செஞ்சு பாரேன்" என்று தூண்டிவிட்டவர்.

அந்தப் பெட்டியின் பெயர் ரோலண்ட் எம்.சி.505. நம்ம ஊர் மாரியம்மன் பண்டிகையில் ஆர்கெஸ்ட்ராகாரர்கள் 'பேடு' என்று ஒன்றைத் தட்டுவார்களே, அதற்கு அக்கா மாதிரி. அதற்குள் மேளச் சத்தமும் கீபோர்டு சத்தமும் இருக்கும். ஒரு தாளத்தைத் தட்டினால் ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கலாம். பம்பைக்காரர் இரண்டு பேர், சிலம்புக்காரர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர் என்று நாலு பேர் வேண்டிய இடத்தில் ஒருவரே உட்கார்ந்து அடுக்கிக்கொள்ளலாம். மின்னணு இசை என்பதன் அடிப்படை இதுதான். ராகம் தெரிந்தால் நல்லது. ஆனால் காதும் பொறுமையும் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

மாயா சொந்தமாக வாங்கவில்லை. எலாஸ்டிகா பாடகியிடமிருந்து இரவல் வாங்கினார். வீட்டில் உட்கார்ந்து, பழைய டேப் மெஷினில் பதிவு செய்து, தானே எழுதித் தானே பாடி ஆறு பாட்டு செய்தார். அதில் ஒன்று 'கலாங்'. 2003ல் முதலில் 500 இசைத்தட்டுதான் அச்சடித்தார்கள். நம்ம குழுவில் ஊறுகாய் போட்டு முதல் தடவை எடுத்துப் போகிற அளவுதான்.

அந்த 500ஐ ஊரெல்லாம் கொண்டு போனவர்கள் டி.ஜே.க்கள். இங்கேதான் டி.ஜே. என்றால் யார் என்று சொல்ல வேண்டும். போன மாதம் நாம் நினைத்தது போல பட்டனை அழுத்திவிட்டுக் கையைக் கட்டி நிற்பவர் இல்லை. ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டைத் தன் காதில் மாட்டிய ஹெட்போனில் கேட்பார். ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிடத்துக்கு இத்தனை அடி என்று ஒரு வேகம் உண்டு. முதல் பாட்டு 120 அடி, இரண்டாவது 126 அடி என்றால் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, அடியோடு அடி சேர்த்து, ஆடுகிறவர்களின் கால் நிற்காதபடி மாற்ற வேண்டும். கும்மி அடிக்கும்போது ஒருத்தி பாட்டை விடுகிற இடத்தில் இன்னொருத்தி தாளம் தப்பாமல் எடுக்கிறாளே, அந்தச் சூட்சுமம்தான். எதிரே இருக்கிற கூட்டத்தின் முகத்தைப் பார்த்து எதை எப்போது போடுவது என்று முடிவு செய்வது இன்னொரு திறமை. மாயா முதன்மையாகப் பாடகி, பாட்டைக் கட்டுகிறவர். டி.ஜே.க்கள் வாசிக்கிற இசையைச் செய்கிறவர். இரண்டும் ஒரே பட்டறையின் வேலை. கிளப்புகளில் டி.ஜே.க்கள் 'கலாங்' பாட்டைப் போட்டுப் போட்டுத்தான் அவர் பெயர் வெளியே வந்தது.

2005ல் முதல் ஆல்பம். அதற்கு அப்பாவின் பெயரை வைத்தார், 'அருளர்'. எங்கேயோ இருக்கிற அப்பா இதைப் பார்த்தாவது தேடி வரட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவிடமிருந்து தகவல் வந்தது. பெயரை மாற்றச் சொல்லி! மகள் மாற்றவில்லை. அப்பா 2019ல் காலமானார்.

2007ல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயர் 'கலா'. ஊரில் இல்லாத அப்பாவின் பெயர் முதலில் வந்தது, ஊசியைப் பிடித்துக் காப்பாற்றிய அம்மாவின் பெயர் இரண்டாவதாக வந்தது. நம்ம வீடுகளிலும் இதே வரிசைதானே, வேறென்ன சொல்ல. ஆனால் பெரிய வெற்றி அம்மா பெயரில் வந்ததுதான்.

அந்த 'கலா' எப்படி உருவானது என்பது கேட்க வேண்டிய சங்கதி. அமெரிக்காவில் போய்ப் பதிவு செய்வதாகத்தான் திட்டம். 2006ல் விசா கிடைக்கவில்லை. அழுதுகொண்டு உட்காரவில்லை. விடுகிற நாட்டுக்கெல்லாம் போனார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றி அங்கங்கே கிடைத்த சத்தத்தைச் சேர்த்தார். தமிழ்நாட்டுக்கு வந்து உறுமிக்காரர்களை வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். உறுமி தெரியும்தானே? ஒரு பக்கம் அடிப்பார்கள், மறுபக்கம் வளைந்த குச்சியால் தேய்த்து உறும விடுவார்கள். சாமி வருகிற நேரத்தில் வாசிக்கிற வாத்தியம். 'பாய்ஸ்', 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டுகளில் அந்த உறுமி இருக்கிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் கிளப்பில் ஆடினவர்கள் எந்த ஊர் மேளம் என்று தெரியாமலே நம்ம மேளத்துக்கு ஆடியிருக்கிறார்கள்.

அதே ஆல்பத்தில் உள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' 2008ல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் 4ஆம் இடம் வரை ஏறியது. பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்களை எல்லாம் திருடன் போலப் பார்க்கிறார்களே என்ற கோபத்தில் கேலியாகச் செய்த பாட்டு. அதில் கல்லாப்பெட்டி திறக்கிற சத்தத்தையே தாளமாக வைத்திருக்கிறார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து 'ஓ சாயா' என்ற பாட்டைச் செய்தார். அது 2009 ஆஸ்கார் போட்டிக்குப் போனது. பரிசு ரஹ்மானின் இன்னொரு பாட்டான 'ஜெய் ஹோ'வுக்குக் கிடைத்தது.

அதே 2009 பிப்ரவரி 8ஆம் தேதி அமெரிக்காவில் கிராமி விருது விழா. அன்றைக்குத்தான் மாயாவுக்குப் பிரசவத் தேதி குறித்திருந்தார்கள். ஒன்பது மாத வயிற்றோடு மேடை ஏறி நாலு பெரிய ஆண் பாடகர்களோடு சேர்ந்து பாடினார். மூன்று நாள் கழித்து ஆண் குழந்தை பிறந்தது. நிறைமாதத்தில் தக்காளி பறித்தவர்களும் கூடை தூக்கியவர்களும் உட்கார்ந்திருக்கிற சபை இது. அதனால் இதை அதிசயம் என்று சொல்ல மாட்டோம். வேலைக்காரி வேலையை முடித்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மெச்சவும் மாட்டோம். 2012ல் அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் டி.வி.யில் பார்க்கிற சூப்பர் பவுல் விளையாட்டு விழாவில் பாடும்போது கேமராவைப் பார்த்து அசிங்கமாக விரலைக் காட்டினார். விழா நடத்தியவர்கள் கேஸ் போட்டு, 2014ல்தான் சமாதானம் ஆனது. தேவையில்லாத வேலை என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். இலங்கைப் போரைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதால் பெரிய பேரும் வந்தது, பெரிய எதிர்ப்பும் வந்தது. சிநேகிதர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் அவர் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுத்து 2018ல் வெளியிட்டார். மாயாவே எடுத்து வைத்த வீடியோக்கள் அதில் நிறைய இருக்கின்றன.

இனி பதக்கத்துக்கு வருவோம். 2019ல் இசைச் சேவைக்காக மாயாவுக்கு எம்.பி.இ. என்ற அரசு மரியாதை அறிவித்தார்கள். 2020 ஜனவரியில் பக்கிங்காம் அரண்மனையில் இளவரசர் வில்லியம் பதக்கத்தைக் குத்திவிட்டார். அம்மா உட்கார்ந்து தைத்த அதே வகைப் பதக்கம். அம்மாவின் உழைப்புக்கு மரியாதையாகவே இதை வாங்கிக்கொள்கிறேன் என்று மாயா எழுதினார். இந்த இடத்தைப் படித்தபோது எங்களில் இரண்டு பேருக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றவர்கள், "அம்மாவுக்கு ஒரு பதக்கம் குத்தியிருக்கலாமே" என்று சண்டைக்கு வந்தார்கள். அதுவும் நியாயம்தான்.

சரி, நம்ம மனுவுக்கு வருகிறோம். அந்த அம்மாவின் வீட்டுக்குப் போன வாரம் நாங்கள் மூன்று பேர் போனோம். மகளுக்கு இருபது வயது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்டு வேலை. லென்ஸ் வைத்துப் பார்த்துச் சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்துகிற வேலை. லீவு நாளில் மாமாவின் சவுண்டு சர்வீஸில் உதவி செய்கிறாள். ஒயர் இழுப்பது, பாக்ஸ் அடுக்குவது, ஆம்ப்ளிஃபயர் பியூஸ் போனால் மாற்றுவது எல்லாம் தெரியும். வாடகைக்கு எடுத்த பெட்டியில் பாட்டு கலக்கப் பழகியிருக்கிறாள். பாடவும் பாடுகிறாள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும். இந்த எல்லைப் பக்கத்தில் ஒரே கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீடு அத்திப்பள்ளியிலிருந்தும் பெண் வீடு பேரிகையிலிருந்தும் வருகிறது. யாருக்கு எந்த பாஷையில் எந்தப் பாட்டு போட்டால் எழுந்து ஆடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏம்மா, ராத்திரி வேலையாச்சே?" என்று நாங்களும் கேட்டோம். அவள் சொன்னாள்: "அக்கா, மூணாவது ஷிப்டு முடிச்சுட்டு விடியக்காலைல கம்பெனி பஸ்ல வந்து இறங்கறேன். அப்ப யாரும் கேக்கலையே." எங்களிடம் பதில் இல்லை. முன்பெல்லாம் ராத்திரி ஷிப்டுக்குப் பெண்களைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. 2000ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று சொன்னது. சட்டம் மாறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நம்ம வாய் மட்டும் மாறவில்லை. ஆனால் பயம் பொய் இல்லை. கம்பெனிக்கு பஸ் இருக்கிறது, வாசலில் காவல் இருக்கிறது. மண்டபத்தில் குடித்துவிட்டு மேடைக்கு வருகிறவனை யார் தடுப்பது? இதைக் கேட்டோம். மாமாவோ அம்மாவோ கூட இல்லாமல் நிகழ்ச்சி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றாள். அந்த அம்மாவும், "நான் போய் உக்காந்துக்கறேன். தைக்கிற வேலையை அங்க வச்சே கை பாத்துக்கறேன்" என்றார். அவரும் தையல்காரர் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மற்றதெல்லாம் கணக்கு. மாட்டுக் கடனுக்கு என்ன கேட்போமோ அதைத்தான் கேட்டோம். மாடு வருஷத்தில் சில மாதம் வற்றுகிற மாதிரி இந்தத் தொழிலுக்கும் வறட்சி உண்டு. தை, மாசி, வைகாசி, ஆவணியில் கல்யாணம் இருக்கும். மார்கழியில் இல்லை. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் மாரியம்மன் பண்டிகை இருக்கிறது, பொங்கல் முடிந்தால் எருது விடும் விழாக்கள் இருக்கின்றன. அதனால் தவணையை மாதம் ஒரே தொகையாக வைக்காமல் முகூர்த்த மாதத்தில் கூடுதலாகவும் மற்ற மாதத்தில் குறைவாகவும் வைக்கலாம் என்று பேசினோம். கம்பெனி வேலையை இப்போதைக்கு விடவில்லை என்பதும் நமக்குத் தைரியம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் புதுப்பெட்டிக்குக் கொடுத்த விலைப்பட்டியலைக் காட்டினாள். முதலில் செகண்ட் ஹேண்டு பெட்டியாக வாங்கினால் என்ன என்று கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். எங்களுக்குப் பயந்து உடனே சரி என்று சொல்லாதது பிடித்திருந்தது.

ஒரு சட்ட விஷயமும் சொல்லியிருக்கிறோம். 2000ல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. வருஷத்தில் சில திருவிழா நாட்களுக்கு மட்டும் அரசு 12 மணி வரை தளர்த்தலாம். மற்ற நேரத்திலும் போலீஸ் அனுமதி எழுத்தில் வேண்டும். பெட்டியைப் பறிமுதல் செய்துவிட்டால் தவணை யார் கட்டுவது? இதைத் தனித் தாளில் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கி மனுவோடு சேர்த்திருக்கிறோம்.

மனு அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்தில் மறுபடி வருகிறது. கடன் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் முடிவு. மகளையும் மாமாவின் பெட்டியையும் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம், கால்மணி நேரம் வாசித்துக் காட்டட்டும். கேள்வி கேட்கிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். இந்த ஹாலில் மேடைப் பக்கத்துப் பிளக் பாயிண்ட் ஆறு மாதமாக வேலை செய்யவில்லை. அதற்குள் சரிசெய்ய வேண்டும். எந்தக் குழு பொறுப்பெடுத்துக்கொள்கிறீர்கள் என்று இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள், எழுதிக்கொள்கிறோம்.